நீ பாடாத கேசட் வந்துவிட்டது, மாப்ள

பாதிப் பாட்டில் என்னை விட்டுவிட்டுப் போன ஆசை மாப்ள தண்டபாணிக்கு,

கேசட் வந்துவிட்டது. நேற்றுத்தான் கோயமுத்தூரிலிருந்து அட்டைப்பெட்டியில் கட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மேலே நம் குழுவின் பெயர், 'கோரா' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பாட்டு எழுதியவன் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. பாடியவன் என்ற இடத்தில் இல்லை. சந்தோஷமா உனக்கு?

செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் அழுதுகொண்டே எழுதுவார்களாம். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நீ மட்டும் இப்போது எதிரில் வந்து "என்னங்க மாமா" என்று பல்லைக் காட்டினால், பளார் என்று ஒன்று வைத்துவிட்டுத்தான் கட்டிப்பிடிப்பேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாதே. நீ பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மெஷினில் ஆபரேட்டர். நானோ, கம்பெனிகளில் துணி வெட்டியது போக மிஞ்சும் பனியன் வேஸ்ட்டை வாங்கி விற்கிறவன், தர்காவில் ராத்திப் ஓதும்போது கொட்டுத் தட்டிய கையோடு டிரம்ஸ் கற்றவன். நாசரேத்திலிருந்து பிழைக்க வந்த எட்வினுக்கு, தேவாலயத்தில் கற்ற கீபோர்டு. கிடாருக்கு சிவகுமார். துணி வாங்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டாக ஓடும், தாளம் நடுநடுவே மாறும் அந்த மாதிரிச் சங்கீதத்தைத் தமிழில் செய்தே தீருவோம் என்று கிளம்பினோம். சாயம் ஏறாத துணிக்கு இங்கே கோரா என்று பெயர். அதையே நீ குழுவுக்கும் வைத்தாய்.

ஊரில் சிரிக்காதவன் யார்? "பாட்டு எப்பங்க முடியும், நாங்க டீ குடிச்சுட்டு வரட்டுங்களா?" என்று கல்யாண மண்டபத்தில் ஒருத்தர் கேட்டாரே. நீ அவருக்கும் கும்பிடு போட்டாய். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த தொண்டை உன்னுடையது. அந்தத் தொண்டையை நம்பித்தான் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்.

ஸ்டூடியோவில் நாள் குறித்தாகிவிட்டது. நீ என்ன செய்தாய்? தைப்பூசத்துக்கு மாலை போட்டுக்கொண்டு பழனிக்கு நடக்கக் கிளம்பினாய். "பஸ்ஸுல போயிட்டு வாடா" என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "நடக்கறேன்னு வேண்டிக்கிட்டனுங்க மாமா, மாத்தக் கூடாதுங்க" என்றாய். மடத்துக்குளத்துக்கிட்டே இரண்டு பிரைவேட் பஸ்காரன்கள் ஆள் ஏற்றுவதற்குப் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவன் ரோட்டோரம் ஏறினான். கூட்டத்தில் ஓரமாக நடந்தவன் நீ.

சாவுக்கு வந்த ஒருத்தர் சொல்கிறார், "கொடுத்து வெச்ச பையனுங்க, முருகன் காலடிக்கே போயிட்டான்." எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மடத்துக்குளத்திலிருந்து காலடிக்கு இன்னும் அரைநாள் நடை இருக்கிறது ஐயா! பஸ் ஓட்டியவன் பெயரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லாப் பழியையும் சாமி தலையில் போட்டுவிட்டு அவரவர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய அடி உன் அம்மா கொடுத்ததுதான். காரியம் முடிந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "அவன் எதுக்கு நடந்தான்னு உனக்குத் தெரியுமா கண்ணு? உங்க பாட்டு நல்லபடியா வெளிய வரோணும்னுதான்" என்றார்கள். எவன்டா கேட்டான் உன்னை? பாட்டு வெளியே வர வேண்டுமென்றால் பாடுகிறவன் உயிரோடு இருக்க வேண்டும் என்ற சின்ன விஷயம் உன் மண்டைக்கு ஏறவில்லையா? உன் வேண்டுதல் பலித்துவிட்டது, பார்த்துக்கொள்.

ஆனாலும் நாங்கள் விடவில்லை. ஒத்திகை டேப்புகளில் உன் குரல் இருக்கிறதே, அதன்மேல் நாங்கள் வாசித்துவிடலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனோம். போட்டதும் என்ன வந்தது தெரியுமா? பால் பல் விழாத பையன் பாடுகிற மாதிரி ஒரு கீச்சுக் குரல். சிவா முதலில் சிரித்துவிட்டான், அப்புறம் வெளியே போய் அழுதான்.

நாம் ஞாயிற்றுக்கிழமை உன் கம்பெனி ஷெட்டில் பதிந்ததல்லவா? அக்கம்பக்கத்தில் ஷிப்மெண்ட் அவசரம் என்று மெஷின் ஓட்டுவார்கள், வோல்டேஜ் இறங்கும், டேப் நொண்டி நொண்டிச் சுற்றும். திரும்பப் போட்டுக் கேட்பதும் அதே நொண்டிக் கரண்டில்தான், அதனால் நமக்கு எல்லாம் சரியாகவே கேட்டது. ஸ்டூடியோவில் நல்ல கரண்டு. உன் குரல் ஓட்டம் பிடித்துவிட்டது. அங்கிருந்த இன்ஜினியர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். ஒரு வரி சுருதிக்கு வந்தால் அடுத்த வரி எகிறுகிறது. "எந்த ஊர்லீங்க இப்படிப் பதிவாங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டெபிலைசர் வாங்கலாம் என்று நான் சொன்னபோது, "அதெதுக்குங்க மாமா தண்டமா" என்றது யார்? நீதானே?

அடுத்து வந்தார் கேசட் கம்பெனிக்காரர். அந்தக் கீச்சுக் குரலிலேயே முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க பாய், நாஞ் சொல்றதக் கேளுங்க. மெட்டு இருக்கட்டும், வரிய மட்டும் முருகன் பாட்டா மாத்திப் போடுங்க. பழனிக்கு நடந்து போறப்ப போய்ச் சேர்ந்த பையன் எழுதுனதுன்னு அட்டைல போட்டோம்னா, தைப்பூசத்துக்கு ரோடு பூரா நம்ம கேசட்தானுங்க."

அவர் குரலை இறக்கிக்கொண்டார். "அப்பறம் உங்க பேரு... தப்பா நினைக்காதீங்க, ஜேன்னு ஒரு எழுத்து மட்டும் போட்டுக்கலாங்களா?"

சாயப்பட்டறைத் தண்ணீரால் நம் நொய்யல் ஆறு தினம் ஒரு கலரில் ஓடுவதைப் பற்றி நீ எழுதிய பாட்டு மாப்ள அது. ஆற்றைத் தூக்கிவிட்டு மயிலைப் போடச் சொல்கிறார். உன் சாவை அட்டையில் ஒட்டி விற்கலாம், ஜாபர் என்கிற என் பெயர் மட்டும் அதில் ஒட்டாது! சிவா வேறு பக்கத்திலிருந்து, "யோசிச்சுப் பாக்கலாங்க அண்ணா, ஆத்துப் பாட்ட எவனுங்க வாங்குவான்?" என்றான். எட்வின்தான் எழுந்தான். "ஏ, செத்தவன் பொணத்த வச்சு யாவாரமா பண்ணுதீய? எந்திரிங்கவே போவோம்" என்றான். நான் டீ கிளாஸை வைத்த வேகத்தில் டீ அவர் வேட்டியில் தெறித்தது. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

கம்பெனி போனது. பாட ஆள்? ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிற ஒருவரைக் கூட்டிவந்தோம். தேன் குரல். ஆற்றில் சாயம் கலக்கிற வரியைக் காதலிக்குக் கடிதம் கொடுக்கிற மாதிரி குழைந்து குழைந்து பாடினார். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தோம்.

கடைசியில் டிரம்ஸை நிறுத்திவிட்டு நானே மைக் முன்னால் போய் நின்றேன். எனக்குப் பாடத் தெரியாது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? சுருதியை இறக்கினோம். இரண்டாவது வரியில் உன் மூஞ்சி ஞாபகம் வந்தது. மாலை போட்டுக்கொண்டு சிரித்தாயே, அந்த மூஞ்சி. வந்தது பார் ஒரு கோபம்! என்ன பாடினேன், எப்படிப் பாடினேன் என்று எனக்கே தெரியாது. முடித்ததும் எட்வின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான்.

"வே, நீரு பாடல. ஏசுதீரு."

"மறுபடி எடுக்கலாமா?"

"வேண்டாம்வே. அப்படியே இருக்கட்டும். மத்ததையும் இதே மாதிரி ஏசும்."

ஆக, ஒரு கேசட் முழுவதும் உன்னை ஏசியிருக்கிறேன். வெளியே கேட்கிறவர்களுக்கு ஆற்றைக் கெடுத்தவர்களைத் திட்டுகிற மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அவர்களையும்தான் திட்டினேன். சொந்தச் செலவில் போட்ட கேசட், காலையில் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கி ஓரமாக வைக்கிறார்கள். ஒருத்தர், "பாடறவருக்கு என்னங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார்.

உனக்கென்று எடுத்துவைத்த முதல் கேசட்டோடு இன்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா படலைத் திறந்துவிட்டு, மோர் கொடுத்துவிட்டு, டேப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முழுவதும் ஓடி, டக்கென்று நின்றது. மகன் குரல் இல்லையே என்று கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏங் கண்ணு," என்றார்கள், "எம் பையன எதுக்கு இந்தத் திட்டு திட்டற?"

வரியில் உன் பெயர் எங்கேயும் இல்லை மாப்ள. எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

"இல்லீங்கம்மா, அது வந்துங்க..."

"சும்மா இரு கண்ணு. எல்லாரும் கொடுத்து வெச்சவன், கொடுத்து வெச்சவன்னு சொல்றாங்க. சாமிகிட்ட போனவனத் திட்டப்படாதுன்னு நானும் வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறேன். நாலு வார்த்த திட்டி அழுவக்கூட உடல என்னைய." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "இன்னொருக்கா போடு. சத்தமா வை."

சத்தமாக வைத்தேன். பாட்டுக்கு மேலே உன் அம்மா உன்னைத் திட்டினார்கள் பார், அப்பா! கேட்டிருந்தால் நீ ஓடிவந்து காலில் விழுந்திருப்பாய்.

உன்னை மன்னிப்பேன் என்று எதிர்பார்க்காதே. ஆனால் ஒன்று சத்தியம் செய்கிறேன். அவர்கள் எப்போது கூப்பிட்டாலும் வேஸ்ட் மூட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போவேன், பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன், அவர்களுக்கு ஆத்திரம் தீருகிற வரைக்கும் நிறுத்தமாட்டேன்.

உன் மேல் தீராத கோபத்தோடு,
உன் தாய்மாமன் இல்லாவிட்டாலும் உனக்கு மாமன்,
ஜாபர்