அசையாத பெருவிரல்

தம்பிக்கு,

எத்தனை தடவை அழைத்தும் நீ போனை எடுக்கவில்லை. அதனால் நீ நிற்கிற கரைக்கு வருகிற மீன் லொறிக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். கடலில் எறியாமல் வாசி.

கடலட்டை பிடிக்கச் சுழியோடிய உன் அண்ணை மேலே வந்ததும் கால் விறைத்து விழுந்தார். விறைப்புப் போகட்டும் என்று நீ காற்றுச் சிலிண்டரைக் கட்டி அவரை மறுபடி கடலுக்குள் இறக்கினாய். குருநகரில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தானே. முள்ளந்தண்டுக்கு இரத்தம் போகவில்லை என்று யாருக்குத் தெரியும்? "உடன கொண்டுவந்திருந்தா ஒட்சிசன் அறையில வைச்சு நரம்பைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்" என்று டொக்டர் சொன்னபோது வாசலில் நின்றாய். பிறகு உன்னைக் காணவில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் "தம்பி எங்கை?" என்கிறார்கள். நான் சொன்ன பொய்களைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி முடிக்கச் சுவாமியாருக்குப் பொறுமை இருக்காது. அந்தப் பெரிய உடம்பைத் தனியே தூக்கி என் இடுப்பு முறிகிறது. கொதிநீர் பட்டாலும் அவருக்குத் தெரியாது. கால்களுக்கும் நான்தான் காவல்.

நேற்றுக் கால் துடைக்கும்போது வலது பெருவிரல் அசைந்தது. நான் கத்திவிட்டேன். "சத்தம் போடாதை. ஒருத்தருக்கும் சொல்லாதை. முதல் தம்பி வந்து பாக்கட்டும்" என்றார்.

இன்று கிளினிக்கில் டொக்டர், "விரலை ஆட்டுங்கோ பாப்பம்" என்று கேட்டார். என் மனிசன் முகட்டைப் பார்த்துக்கொண்டு, விரலை ஆட்டாமலே கிடந்தார்.

உங்கள் இருவரோடும் மாரடிக்கிற,
அண்ணி