அம்மாவின் தலையை வாரியவள்

1934, ஐப்பசி 12. லாயாங் லாயாங் ரப்பர் தோட்டம்.

இனி மருந்து பலிக்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நானும் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். மாலையில் அம்மாவுக்குத் தலை வாரச் சீப்பை எடுத்துப் போனேன். "வேணாம்டி, நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

துணி அலசிவிட்டுத் திரும்பினால், நர்ஸ் மிஸ்ஸி அம்மாவின் தலையை மடியில் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"மெல்ல மிஸ்ஸி, உயிர் போவுது."

"இருங்கம்மா, பின்னிட்டு அனுப்புறேன்."

அம்மா சிரித்தாள். இவளும் ஏன் 'அம்மா' என்று கூப்பிட வேண்டும்?

மிஸ்ஸி போனதும் கேட்டுவிட்டேன். "நான் வாரினா ஆகாதா?"

"நீ தொட்டா வலிக்கலன்னு சொல்லணும். அவகிட்ட அந்தப் பொய் வேணாம்."

நியாயம்தான். ஆனாலும் மனம் ஆறவில்லை. பின்னல் வேறு கோணல். காதோரம் ஒரு கற்றையை விட்டிருந்தாள். அம்மா கண்ணயர்ந்த பிறகு அதை மட்டும் எடுத்து மெதுவாகச் செருகினேன்.

கண் திறக்காமலே, "மிஸ்ஸியா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"ரொம்ப வலிக்குது" என்றாள்.