நீலத்தலைக்காரி ஊருக்குப் போனாள்

கோபம் என்று சொல்ல மாட்டேன். சந்தேகம். நீ போனதிலிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.

போன வாரம் ஒரு மாலை, நாவலூர் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உடன் தங்கியிருப்பவள் மடிக்கணினியில் ஏதோ விளையாட்டைத் திறந்தாள். புல்லாங்குழல். பிறகு மணி. பிறகு ஒரு குதிரை கனைத்தது. என் கை நின்றுவிட்டது. நம் விளையாட்டு. ஆனால் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தன. யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். அந்த ஆட்கள் பேசுவதை முதன்முறையாக என்னால் படிக்க முடிந்தது.

"கொஞ்சம் தள்ளு," என்று வாங்கிக்கொண்டேன். உன்னைச் சோதிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கதை நமக்குப் பாதிதான் தெரியும். பள்ளி விட்டு வந்ததும் டிவியில் தமிழ் பேசி ஓடியது. வாள் வீரர்கள், பறக்கும் தீவு, காயம் ஆற்றும் நீலத்தலைக்காரி. திடீரென்று ஒரு நாள் நிறுத்திவிட்டு வேறு கார்ட்டூன் போட்டார்கள். மீதிக் கதை, உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுக்குள் இருந்தது. முழுக்க ஜப்பானிய மொழியில்.

செங்கல்பட்டில், தண்டவாளத்தை ஒட்டிய உங்கள் வீட்டு மாடியறை. நான் பட்டன் அழுத்துவேன். நீ பேசுவாய். திரையில் எழுத்து வந்த மறுகணம் தமிழில் உன் குரல். தயக்கமே கிடையாது.

"கெழவன் இன்னாடி சொல்றான்?"

"பாலத்தாண்ட போவாத, பேஜாரா பூடும்ன்றான்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"மூஞ்சப் பாத்தா தெரில? நீ அழுத்துடி."

நான் நம்பினேன். நீ யாரையும் நம்பியதில்லை. திரையில் சிரித்துக்கொண்டு வருகிறவர்களை உளவாளி என்பாய். பஸ் கண்டக்டரையும் அப்படித்தான் பார்ப்பாய். சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு ஒருமுறை போனோம், அது விளையாட்டில் வரும் கோட்டை போலவே இருக்கிறது என்று நீ சாதித்ததால். சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தாய். கடைசியில் காவலாளியிடம் போய் நின்றாய்.

"அண்ணாத்த, உள்ள சொரங்கம் கீதா?"

"சொரங்கமா? வவ்வாலு கீது. வோணுமா?"

திரும்பி வரும்போது என் காதில் சொன்னாய்: "மறைக்கிறான். பாத்தியா, கண்ணு சிமிட்டவே இல்ல."

பிறகு நீலத்தலைக்காரியின் கட்டம் வந்தது. மலையடிவாரத்தில் குழுவை விட்டு விலகி நின்று ஏதோ சொன்னாள். கையசைத்தாள். போய்விட்டாள். நீ சொன்னாய்: "ஊருக்குப் போறாளாம். அம்மாவப் பாத்துட்டு வந்துருவாளாம்." அவள் இடத்தில் வேறு யாரையும் சேர்க்கக் கூடாது என்று தடுத்தாய். வந்து பார்த்தால் வருத்தப்படுவாளாம். காலி இடத்தோடு சண்டைக்குப் போனோம். காயம் ஆற்ற ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே பாலத்தில் தோற்றோம். அவள் வரவில்லை. ஒரு கல்லறையைப் பிற்பாடு காட்டினார்கள். நீ அதற்குக் குரல் கொடுக்கவில்லை. "இது வேற யாரோ" என்றாய்.

அந்த வருடம்தான் உனக்கு ஜுரம் விட்டு விட்டு வந்தது.

"ரத்தம் கம்மியாம்டி. ஊசி போட்டா சரியா பூடும்," என்றாய். அதையும் நம்பினேன். நீ போன பிறகு, உங்கள் வாசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். ரத்தப் புற்றாம். மாதக்கணக்காகத் தெரியுமாம்.

அன்றிலிருந்து நீ சொன்ன எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். கிழவன் சொன்னது. பாலம். ஊசி. என்னிடம் ஏன் மறைத்தாய்? நான் அழுவேன் என்றா? அல்லது அந்த அளவுக்கு நான் உனக்கு வேண்டியவள் இல்லையா?

ஆகவே மலையடிவாரம் வரை விளையாடினேன். நீலத்தலைக்காரி விலகி நின்றாள். எழுத்து வந்தது. ஊருக்குப் போகிறேன், அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஏறக்குறைய அவ்வளவுதான்.

நீ பொய் சொல்லவில்லை. எப்படியோ சரியாக ஊகித்திருக்கிறாய். பொய் இருந்தது என்றால் அது உனக்கு முன்பே, நீலத்தலைக்காரி வாயிலேயே இருந்தது. உன்னிடம் வந்ததை அப்படியே என்னிடம் தந்திருக்கிறாய்.

அப்படியானால் ஊசி?

உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. என்ன நோய் என்று உனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. டாக்டரு கையப் புடிச்சிக் கேட்டுகினோம், கொழந்தயாண்ட சொல்லாதீங்கன்னு. ரத்தம் கம்மின்னுதான் சொல்லி வெச்சோம்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உன்னாண்டயா? உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். அவ உன் மூஞ்சயேதான பாத்துகினு கெடப்பா."

நம் வீடுகளில் இது வழக்கம்தான். நோயாளியைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கும். உனக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. நாம் இருவரும் ஒரே பக்கத்தில் இருந்திருக்கிறோம்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, கொஞ்ச நேரம். பிறகு ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாள் ஞாபகம் வந்தது. கட்டிலில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இன்னாடி மொறைக்கிற?" என்றேன். "சும்மாதான்," என்றாய். உன் பொய் என்னிடம் எடுபட்டதா என்று பார்த்தாய் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. யாரையும் நம்பாத நீ, டாக்டரை நம்பியிருப்பாயா? அம்மாவை? என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாய். அங்கே ஒன்றும் இல்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன், ஆரஞ்சு உரித்துக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ கண்ணை மூடித் தூங்கினாய்.

என் அறியாமை உனக்கு ஒரு மதியத் தூக்கத்தைத் தந்திருக்கலாம். அல்லது நீ அதையும் நம்பாமல் சும்மா கண்ணை மூடியிருக்கலாம். இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் போய் செங்கல்பட்டுக்கு மின்சார ரயில் ஏறினேன். உன் அம்மா கதவைத் திறந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இட்லி வைத்தார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.