மேலே தள்ளினால் எரியும்

கொல்லயில் தபால், நெய்யாற்றின்கரை வழி, கேரளா,
9.8.1996

அன்புள்ள மகன் வினீதுக்கு அம்மா சொல்லி எழுதுவது. கர்த்தர் உன்னை அங்கே நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பிஜியிடம் வாயெடுத்தேன், மனசு வரவில்லை, அந்த வரியை விட்டுவிடு மக்கா என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். கோபத்தில் சொல்வதையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை உன் ஜெயதாஸ் மாமா புது ரூமில் ஃபேன் பார்க்க வந்தான். ஒரு வாரமாக அது சுற்றவில்லை. களியக்காவிளைக் கடையில் அவனுக்கு வேலை குவிந்து கிடக்கிறது, ஆனாலும் அக்கா வீட்டுக் காரியம் என்று வந்தான். ஸ்டூலில் ஏறி நின்று சுவரைப் பார்த்தான், ஸ்விட்ச் மேலே நின்றது. மேலே நின்றால் ஆஃப், கீழே தட்டினால் ஓன், இந்த நாட்டில் கரண்ட் வந்த நாளிலிருந்து அப்படித்தானே. ஆஃபாக்கும் என்று சொல்லிக்கொண்டே வயரில் கை வைத்தான். ஒரே அடி, ஸ்டூலோடு வந்து கட்டில் சட்டத்தில் விழுந்தான். வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. நெய்யாற்றின்கரையில் கொண்டுபோய் மாவுக்கட்டு போட்டோம், ஆறு வாரம் அசைக்கக் கூடாதாம். மோட்டாருக்குக் கம்பி சுற்றிப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கைதானே எல்லாம். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற பிஜி அன்றைக்கு அடைத்த வாயை இன்னும் திறக்கவில்லை, முன்னாலும் நாலு வார்த்தை பேசுகிற பிள்ளை இல்லை, இப்போது அதுவும் இல்லை.

நீ இருக்கும் சவுதி தம்மாமில் எல்லா ஸ்விட்சும் மேலே தள்ளினால்தான் எரியும் என்று சொல்லி, போன லீவில் வந்து புது ரூம் போர்டு முழுவதையும் நீ தலைகீழாக மாட்டினாயே, அப்போதே நான் வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா. அடுக்களையில் கீழே தட்டணும், நாலடி நடந்து புது ரூமுக்கு வந்தால் மேலே தள்ளணும், இதென்ன ஒரு வீட்டுக்குள் இரண்டு நாடா? உன் அப்பாவுக்கு மட்டும் பெருமை சொல்லி முடியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் லைட்டைப் போடுங்க பார்ப்போம் என்பார், அவர்கள் கீழே தட்டிக்கொண்டு நிற்பார்கள், இது சவுதி ஸ்விட்சாக்கும் என்று சொல்லிச் சிரிப்பார். ஜெபம் பண்ண வந்த போதகரையும் விடவில்லை.

ஃபியூஸைக் கழற்றாமல் ஏறியது ஜெயதாஸின் தப்பு, அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். உன் டெஸ்டர் எங்கலே என்றும் கேட்டேன். கட்டுப் போட்ட கையோடு படுத்துக்கொண்டு சிரிக்கிறான், டெஸ்டர் மருமகனோடு சவுதிக்குப் போயாச்சு அக்கா, ஷாக் மட்டும்தான் இங்கே வந்து சேர்ந்தது என்கிறான். இது நல்ல டெஸ்டர் மாமா என்று சொல்லி அவன் பையிலிருந்து நீ எடுத்துப் போனது உனக்கு ஞாபகம் உண்டா? அவன் சிரித்துவிட்டான், உன் ஓமனா மாமி சிரிக்கவில்லை. மைனி, ஒங்க மவன் கெல்ஃபுக்குப் போயி கரண்டையும் தலகீழாக்கியாச்சு, இனி எம் மாப்பிளைக்குக் கஞ்சி ஆரு கோரிக் குடுக்கது என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கேட்டாள். 

அதைவிட எரிச்சல் உன் அப்பா. மேலே ஓன், தாழே ஓஃப் என்று நீ ஒரு தாளில் மலையாளத்தில் எழுதி போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனாய் அல்லவா, அதைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார். பய எழுதி வச்சிட்டுத்தானே போனான், உன் தம்பிக்கு வாசிக்கத் தெரியாததுக்கு அவன் என்ன செய்வான் என்கிறார். ஜெயதாஸ் மலையாளம் பேசினால் திருவனந்தபுரத்துக்காரன் தோற்றுப்போவான், ஆனால் அவன் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம், ஒரு எழுத்து வாசிக்க மாட்டான் என்று உனக்குத் தெரியாதா? நானும் அப்படித்தானே. பெற்ற தாய்க்கு வாசிக்க முடியாததை அவள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறாய். இதுவரை எனக்கு அது ஏதோ வேத வசனம் மாதிரி இருந்தது.

போர்டைத் திருப்பி மாட்ட ஆள் கூப்பிடப் போனேன், மகன் சொல்லாமல் ஒரு ஆணியைத் தொட விடமாட்டேன் என்று வாசலில் நிற்கிறார். மூன்று நாள் சண்டை. கடைசியில் புது ரூமின் ஃபியூஸைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். இப்போது அப்பா டார்ச்சை அடித்துக்கொண்டு போய்ப் படுக்கிறார், என்னிடம் பேசுவதில்லை. ஓணத்துக்கு ஷியாமளா சித்தி பிள்ளைகளோடு வருகிறாள், குழந்தைகள் ஓடி விளையாடுகிற அந்த ரூமில் இன்னொரு ஆளை விழவிட என்னால் முடியாது.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. நான் மாட்டியது தப்பு, மாற்றிவிடுங்கள் என்று எழுது. சுற்றி வளைக்காதே, சாக்குச் சொல்லாதே. மாமாவையும் வரவழைத்து, அவன் இருக்கும்போதே வாசிக்க வைப்பேன். அது வராமல் ஃபியூஸ் பானையை விட்டு வெளியே வராது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே. கோபம் கோபமாகவே இருக்கிறது, ஆனாலும் உனக்காக ஜெபிக்காத நாள் இல்லை. கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிக்கட்டும், அந்தக் கைகளுக்குப் புத்தியும் தரட்டும். அடுத்த லீவுக்கு வரும்போது செண்டும் சோப்பும் வேண்டாம், டெஸ்டரைக் கொண்டு வா.

இப்படிக்கு உன் அம்மா,
சத்தியபாய்

அண்ணா, இது அம்மா சொன்னது இல்லை. ஒட்டச் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போயிருக்கிறாள். மாமா ஆஃபாக்கும் என்று சொன்னபோது ஆஃப் இல்லை என்று எனக்குத் தெரியும். பெரியவர்களைத் திருத்திச் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஸ்டூலை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீ அப்பாவுக்கு மலையாளத்தில் எழுது, அம்மாவாலும் மாமாவாலும் அதை வாசிக்க முடியாது. அப்பாவின் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, நான்தான் வாசிக்க வேண்டும். உன் தப்பை வாசித்து முடித்ததும் என்னுடையதையும் சொல்லிவிடுவேன். மாமாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன்.

பிஜி