அமுதா ஈக்காட்டுத்தாங்கல் போகிறாள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். சாயங்காலம் இடி மட்டும். மழை இல்லை.

எங்கள் சர்ச்சின் பங்கு மடலுக்கு ஒரு பக்கம். ஞாயிறுக்குள். ஃபாதர் கொடுத்த தலைப்பு: பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து சரியா, தவறா. பள்ளியில் பொருளாதாரம் எடுப்பவள் என்பதால் இப்படிப்பட்டதெல்லாம் என் தலையில்.

பாதி எழுதியாயிற்று. பஸ் டிக்கெட் என்பது பயணத்துக்கான விலை மட்டுமல்ல, நல்ல வேலை தேடிப் போகும் ஏழைப் பெண் கட்டுகிற சுங்கமும்கூட. சுங்கத்தை எடுத்துவிட்டால் அவள் தேடுகிற வட்டம் பெரிதாகும். நடந்து போகிற தூரத்தில் இருப்பவர்களிடம் மட்டுமே வேலை கேட்க வேண்டியதில்லை. வேலை கொடுப்பவர்கள் அவளுக்காகப் போட்டி போட வேண்டிவரும்.

நன்றாகத்தான் வந்தது. ஓர் எடுத்துக்காட்டு மட்டும் தேவைப்பட்டது. என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள வரும் அமுதா அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இலவச பஸ்ஸில் எங்கெல்லாம் போயிருக்கிறாய் என்று கேட்டேன். நகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"முந்தாநாளு ஈக்காட்டுத்தாங்கல் போய்க்கினு வந்தேன் டீச்சர். மாத்திரை பேக் பண்ற கம்பெனி ஒண்ணு கீது. பேர் குடுத்துட்டு வந்துகீறேன்."

எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வரி ஓடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பி.பி. மாத்திரை (எனக்கு) வாங்க மறந்தேன். கேஸ் புக் செய்தேன்.

பதினான்கு மாதம். அவருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே அமுதா வந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே வருவாள். ஏழரைக்கு அவள் உள்ளே வந்தால்தான் நான் அடையாறு பஸ்ஸைப் பிடிக்க முடியும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வலது கைக்கும் காலுக்கும் பயிற்சி, நாலரை வரை எல்லாம் அவள்.

அவள் போனால்:
– ஏஜென்சி ஆள். விசாரித்தேன். அவளுக்குக் கொடுப்பதைப் போல இரண்டரை மடங்கு. அதுவும் வாரத்துக்கு ஒரு புது முகம்.
– நாத்தனார் ஸ்டெல்லா. பாலவாக்கத்திலிருந்து வர வேண்டும். முழங்கால் வலி. பன்னிரண்டு மணிக்கு முன்னால் முடியாது என்கிறாள்.
– நான் வி.ஆர்.எஸ்., விருப்ப ஓய்வு. சர்வீஸ் இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கவே பயம்.
– தெரியவில்லை.

பள்ளியில் "வாய்ப்புச் செலவு" நடத்தினேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற அடுத்த நல்ல வழிதான் அதன் உண்மையான செலவு. கரும்பலகையில் அதே வரியை இரண்டு முறை எழுதிவிட்டேன். பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஐந்தே கால். அமுதா போய்விட்டாள். அவர் ஹாலில் நாற்காலியில், டி.வி. பார்த்துக்கொண்டு. போன் வந்தது. அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் அம்மா. அமுதா என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். ஆள் எப்படி, கை சுத்தமா, நேரத்துக்கு வருவாளா என்று கேட்டார்கள்.

கை சுத்தம் என்றேன். வேலை நன்றாகச் செய்வாள் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"லீவுதான் கொஞ்சம் அதிகம். சொல்லாமக் கொள்ளாம நின்னுடுவா" என்றேன்.

பதினான்கு மாதத்தில் அவள் எடுத்த லீவு நான்கு நாள். நான்கும் சொல்லிவிட்டு எடுத்தது. மூன்று, மகளுக்கு டெங்கு வந்தபோது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் டி.வி.யைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவருக்கு வாய் கோணி, எச்சில் வழிந்து, பாதியில் விட்டுவிடுவார். இன்று விடவில்லை. தெளிவாக வந்தது.

"பொய்."

இந்த மாதம் அவர் என்னிடம் பேசிய முழுச் சொல் அது ஒன்றுதான்.

ஜூலை 10, வியாழன்

அமுதா வழக்கம்போல ஏழரைக்கு. மீன் வாங்கி வந்திருந்தாள், நான் சொல்லாமலே. சங்கரா. காசு கொடுத்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் காலையில் என் கையால் காபி குடிக்கவில்லை. அவள் கொடுத்ததும் குடித்தார்.

மூன்றாம் பீரியட். சந்தையில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது பாடம். பழைய வண்டி விற்பவனுக்கு அதன் கோளாறு தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே நல்ல வண்டிக்கும் நல்ல விலை கிடைக்காது. முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, நல்ல வண்டியை ஒருத்தர் வேண்டுமென்றே மட்டம் என்று சொன்னால் அதற்குப் பெயர் என்ன என்று கேட்டாள். புத்தகத்தில் இல்லை என்றேன்.

தலைவலி. பி.பி. பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜூலை 11, வெள்ளி

மதியம் சாப்பாட்டு நேரம். ஸ்டாஃப் ரூமில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் லேபுக்குப் பின்னால் நின்று அந்த நம்பருக்குப் போட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தார்கள். புதன்கிழமை சொன்னது சரியில்லை, லீவு விஷயம் தப்பு, அப்படிப்பட்ட ஆள் அவள் இல்லை என்றேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தத்துக்கு மேல் குரல் உயர்ந்தது.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. எதை நான் நம்பறது மேடம்?"

லிஸ்ட் மேலே போய்விட்டது, இனி தன் கையில் இல்லை என்று வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை என்றால் எனக்கு நிம்மதிதான். போன் செய்தபோதும் அந்த நிம்மதி உள்ளே உட்கார்ந்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 12, சனி

பள்ளி அரை நாள். லேசான தூறல்.

அமுதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் போன், இரண்டாம் போன், நான்கு நாள் லீவு. கேட்டுக்கொண்டே ஒரு வேட்டியை இரண்டு முறை மடித்தாள்.

"தெரியும் டீச்சர். அந்தம்மா அன்னிக்கே என்னாண்ட சொல்ட்டாங்க. உங்க டீச்சர் இப்டி சொல்றாங்களேன்னு."

அப்படியானால் வியாழக்கிழமை ஏன் வந்தாய் என்று கேட்டேன். சாரை யார் குளிப்பாட்டுவது என்று திருப்பிக் கேட்டாள்.

வேலை கிடைத்துவிட்டதாம். நேற்று மாலையே சொல்லிவிட்டார்கள். நான் மாற்றிச் சொன்னதால் அல்ல. பன்னிரண்டு பேர் வேண்டும், வந்தது ஒன்பது பேர், எல்லாரையும் எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமையே வரச் சொல்லியிருக்கிறார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஞாயிறு லீவு.

நல்லவளாக நடந்துகொள்ள இதற்கு மேல் சந்தர்ப்பம் இல்லை என்று தெரிந்தும் வாய் கேட்கவில்லை. அவர்கள் தருவதை நானே தருகிறேன், ஞாயிறும் வர வேண்டாம், இருந்துவிடு என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப குடுக்க முடியும்னா, இத்தினி நாளு ஏன் டீச்சர் குடுக்கல?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல. பதில் எனக்குத் தெரியும். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை, அதனால் கொடுக்கவில்லை. கேட்கவும் மாட்டாள் என்று தெரியும், அதனால் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன்.

மடித்த துணிகளை பீரோவில் வைத்துவிட்டு, எந்தத் தட்டில் எது என்று காட்டினாள். வென்னீர் எவ்வளவு சூடு, இடது பக்கம் படுக்க வைத்தால் தலையணை எங்கே, எல்லாம். நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போய்விட்டு வருகிறேன் என்று அவரிடம் மட்டும் சொன்னாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போகவில்லை. அவரைக் குளிப்பாட்ட இரண்டு மணி நேரம். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது. என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேருமே அழவில்லை.

பங்கு மடல் பக்கத்தை முடித்தேன். கட்டணமில்லாப் பேருந்து சரி என்றுதான் எழுதியிருக்கிறேன். கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன்: "இதனால் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்துக்கொண்டிருந்தவர்கள். நான் ஒருத்தி." அனுப்பிவிட்டேன். கீழ் வீட்டுக்காரர்கள் படிப்பார்கள். படிக்கட்டும்.

ஸ்டெல்லா நாளையிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வருவாள். ஏழரையிலிருந்து பன்னிரண்டு வரை அவர் தனியாக. லீவு கேட்டதற்கு, இந்த மாதம் எல்.ஓ.பி., சம்பளப் பிடித்தம்தான் என்கிறார் ஹெச்.எம்.

ஜூலை 14, திங்கள்

இடது கைப் பக்கம்: போன், தண்ணீர், பிஸ்கட், யூரின் கேன். கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு. இரண்டு முறை பூட்டினேன், இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

ஒன்பதுக்குப் போன் அடித்தேன். எடுத்தார். மூச்சுச் சத்தம். சரி.

பத்தரை. பிஸி. பத்து முப்பத்தைந்து. பிஸி. அவருக்கு யாரும் போன் செய்வதில்லை. விழும்போது கை பட்டு போன் அழுந்தியிருக்கும். தரையில் கிடப்பார். ஹெச்.எம்.மிடம் சொல்லக்கூட இல்லை, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஆட்டோ. அடையாறு பாலத்தில் நெரிசல். மந்தைவெளியில் எங்கள் தெருமுனையிலேயே இறங்கி ஓடினேன். மாடிப் படியில் ஒரு செருப்பு கழன்றது, எடுக்கவில்லை.

கதவைத் திறந்தேன். உள்ளே பேச்சுக் குரல்.

அவர் கட்டிலில் சாய்ந்தபடி. மார்பில் போன், ஸ்பீக்கரில். அமுதாவின் குரல், பின்னால் மெஷின் சத்தம்.

"அரை மணி டீ டைம் முடியப் போவுது நைனா. இன்னொரு தபா சொல்லு, பாப்போம். அ… மு…"

என் எதிரில் அவள் அவரை நைனா என்று கூப்பிட்டதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வாயைக் கோணி, முழு உடம்பாலும் முயன்றுகொண்டிருந்தார். கடைவாயில் எச்சில். என்னைப் பார்க்கவில்லை.

"அ… மு… தா."

"ஆங். அவ்ளோதான். இப்ப டீச்சர் பேரு சொல்லு."

ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்றேன்.