லேசாகப் போன குட்டி

வெள்ளிக்கிழமை, இரவு.

மச்சானுக்கு இன்று கை நீட்டியிருப்பேன். கூடப்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

நாவிதன்வெளி வயல் காவலுக்கு என்று வாங்கிய நாய்க்குட்டி அது. காரைக் கண்டாலே நடுங்கும். நிறுத்திவைத்த காரில் சாக்கு விரித்து, பிஸ்கட் கொடுத்து, பிறகு சந்தி வரைக்கும் ஓட்டி, மெல்ல மெல்லப் பழக்கினேன். இப்போது கதவு திறந்தால் தானே பாய்ந்து ஏறும்.

காலையில் மச்சான் காரை இரவல் கேட்டார். பின்னேரம் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார்.

"நாய் ஏறின காரு. சீட்ட ஏழு தரம் கழுவியிருக்கன், ஒரு தரம் மண் போட்டு. இனிப் புள்ளைகள ஏத்தலாம்."

"குட்டி எங்க மச்சான்?"

"கடற்கரையில உட்டுட்டன். கதவத் திறந்ததும் அதாவே ஏறிட்டு. லேசாப் போச்சு."

லேசாம்! வயல் காவலுக்கு நாய் வைக்க மார்க்கத்தில் இடமிருக்கிறது. அது தெரியாத மனிதருக்கு, நாய் பட்டதை ஏழு தரம் கழுவச் சொன்ன மார்க்கக் கணக்கு மட்டும் பிசகவில்லை.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு காரில் தேடிப்போனேன். ஒரு தோணிக்கடியில் கிடந்தது. கார்க் கதவைத் திறந்தேன். கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பின்வாங்கி இன்னும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. பிஸ்கட்டுக்கும் வரவில்லை. கடைசியில் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

துவாயை நாளைக்குக் கழுவுகிறேன். கார் கடற்கரையிலேயே நிற்கிறது. காலையில் மச்சான் திரும்பவும் அதைக் கேட்டு வருவார்.

வரட்டும்.