அலமேலு, உன் பெட்டி ஓடிய வேகம்

ஆசை அலமேலுவுக்கு,

இந்த வருஷம் மிளகு நன்றாகக் காய்த்தது. வளப்பூர் நாட்டு பஸ் வந்து நின்றால் பலாப்பழ வாசனை நம் கடைக்குள்ளேயே வந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அதே கம்ப்யூட்டர் கடை, அதே நீலக் கதவு. நீ போன பிறகு நான் ஒருத்தியே திறக்கிறேன், ஒருத்தியே பூட்டுகிறேன். நடுவில் வருகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளறை மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் உன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தேடுகிறது கண். "அலமேலு பொட்டி ஓடுதுங்களா?" என்பார்கள். வாசல் பக்கம் இருக்கும் என் பெட்டியிலேயே விண்ணப்பம் போட்டுத் தருகிறேன், இரண்டும் ஒரே மாதிரிதான் என்பேன். பரவாயில்லீங்க, அப்பறம் வாரேனுங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திட்டிவிட்டுப் போனால்கூட இவ்வளவு எரியாது.

உன்மேல் எனக்குப் பொறாமை என்று உனக்குத் தெரிந்திருந்ததா? கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் பாடங்களில் நான்தான் முதல். என் கணவருக்கு மலைக்கு வேலை மாற்றலாகி வந்து, உன்னோடு சேர்ந்து கடை போட்டபோது, மிஷின் வேலையை நானும் ஆள் வேலையை நீயும் பார்த்துக்கொள்வோம் என்றுதான் நினைத்திருந்தேன். சேலத்தில் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்கி, வளைவுக்கு வளைவு மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தோமே. பிறகு எப்படி எல்லோரும் உன் பக்கம் வந்தார்கள்?

நீ இந்த மலையிலேயே, வாழவந்தி நாட்டில் பிறந்தவள், வருகிறவர்கள் உன் சனம், அதனால்தான் என்று கொஞ்ச நாள் மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் கீழேயிருந்து வந்த நர்ஸம்மாவும் என்னைத் தாண்டி உன் மூலைக்கே போனார். வாத்தியார் மனைவியும் போனார். கேட்டால், அந்தப் பொட்டி வெரசா வேலை செய்யுதுங்க என்றார்கள். வெரசா. அந்த ஒரு சொல்லை எத்தனை ராத்திரி மென்றேன் தெரியுமா?

அந்தச் சொல்லை நம்ப ஒரு காரணமும் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது உன் திரையில் நீலப் பக்கம் திறந்திருந்தது. விண்டோஸ் வருவதற்கு முன்னால் வருமே, மிஷினின் அடிப்படை அளவுகளை மாற்றுகிற பக்கம், அது. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "சும்மா பாத்தேன் புள்ள" என்று மூடிவிட்டாய். எனக்குத் தெரியாமல் உன் பெட்டியின் வேகத்தை ஏற்றிவிட்டாய் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நீ மூடிய விதமும் அப்படித்தான் இருந்தது, திருடியவள் மாதிரி.

போன வாரம் உன் வீட்டுக்காரர் வந்தார். லீவுக்கு வரும் மகளுக்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். "உங்களுக்கு எது வேணுமோ அத வெச்சுக்கிட்டு இன்னொண்ணக் குடுங்க தங்கச்சி. ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்றார். அண்ணனுக்கு என்ன தெரியும். வேகமானது எது என்று பார்த்து, அதை நான் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். ஆட்கள் திரும்பி வந்தால்தான் கடை நிற்கும். கடை நின்றால்தான் நான் இந்த மலையில் நர்ஸம்மாவைப் போல, வாத்தியாரைப் போல ஓர் ஆள். இல்லையென்றால் ஆபீஸர் வீட்டம்மா, அவ்வளவுதான்.

பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பக்கூடாது என்று உனக்குத் தெரியும். அது ஓடக்கூடிய வேகம், ஓடுகிற வேகம் அல்ல. சிப்பின் வேகத்தைப் பார்த்தாலும் ஏமாந்துபோவோம், வேலை இல்லாதபோது அது தானாகவே இறங்கிக்கொள்ளும். பார்க்க வேண்டியது பஸ் ஸ்பீடு. சிப்பும் மெமரியும் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்ளும் பாதையின் துடிப்பு. மற்ற வேகமெல்லாம் அதைப் பெருக்கி வருவதுதான். அதை அளந்து காட்டும் சின்ன சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி முதலில் என் பெட்டியில் போட்டேன். 333 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு நாலு தரம் தகவல் போகும், அதனால்தான் வாங்கிய அட்டைப்பெட்டியில் 1333 என்று போட்டிருந்தான். கணக்குச் சரி.

பிறகு உன் துணியை எடுத்தேன். உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நானூறு இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

200.

நம்பவில்லை. அணைத்துப் போட்டேன். மறுபடியும் 200. நீலப் பக்கத்தைத் திறந்தேன். தானாக என்று இருக்க வேண்டிய இடத்தில், கையால் என்று மாற்றி 200 என்று நீயே போட்டிருக்கிறாய். இத்தனை வருஷமாக என் பெட்டியைவிட மெதுவான பெட்டியில்தான் வேலை பார்த்திருக்கிறாய்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன், அலமேலு. கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "செத்துப் போனவகூடப் போட்டி போட்டு ஜெயிச்ச மொத ஆளு நீயாத்தான் இருப்பே" என்றார். அதற்கும் சிரித்தேன். அண்ணனுக்கு போன் செய்து சனிக்கிழமை வந்து உன் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மகளுக்கு மெதுவானதைக் கொடுக்க மனசு வராமல், அதை 333க்கு ஏற்றியும் வைத்தேன்.

ஏற்றி முடித்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பெரக்கரை நாட்டு மாராயி வந்தார். ஐம்பது வயது இருக்கும், உன்னிடம் அடிக்கடி வருவாரே. உன் பெட்டி ஓடுவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார். வெளி பெஞ்சில் அவர் ஊர்க்காரர்கள் மூன்று பேர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஏதோ சான்றிதழுக்கு எழுத வேண்டும் என்று ஆரம்பித்தார். எனக்குக் காதில் விழவில்லை. என்னங்க என்றேன். மறுபடி சொன்னார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க என்றேன். அவர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அப்பறம் வாரேன் கண்ணு" என்றவர், பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "இதுக்கு என்னாச்சுங்க, இப்பிடி இரையுது? அலமேலு இருக்கையில இது மூச்சு விடுறதே தெரியாது."

அவர் போன பிறகுதான் எனக்கே கேட்டது. ஃபேன் அப்படி இரைந்துகொண்டிருந்தது. வேகம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் ஃபேன் கத்தும். இது நான் பரீட்சையில் எழுதியது. மறுபடி 200க்கு இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் அறை அடங்கியது. வெளியே பெஞ்சில் ஒருவர் வெற்றிலைப் பையின் சுருக்கை இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது.

இதற்காகத்தானா? மின்சாரம் குறையட்டும் என்று இறக்கினாயா, சூட்டில் அடிக்கடி நின்றுபோகிறது என்று இறக்கினாயா? கேட்க நீ இல்லை. ஆனால் புருஷன் விட்டுப்போனதை, பெண்ணுக்கு வயசு பத்தாததை, நோயை, கடனை உன்னிடம் வந்து முணுமுணுத்தவர்கள் யாரும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரே தரத்தில் கேட்டு எழுதி அனுப்பிவிடுவாய். அதைத்தான் வெரசா என்றார்கள். நானோ இதே மாதிரி இரையும் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்து, என்னங்க, சத்தமாச் சொல்லுங்க என்று ஊருக்கே கேட்கும்படி அவர்கள் வாயைப் பிடுங்கியிருக்கிறேன்.

அது உன் காதிலும் விழுந்திருக்குமே. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்றா? வந்திருக்கும். இப்போதும் வருகிறது. முன்பு ஒரு பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், பெட்டியை விலை கொடுத்து வாங்கலாம். இப்போது நான் பொறாமைப்படுகிற விஷயத்துக்கு விலையே கிடையாது. வந்தவர்கள் குரலைத் தாழ்த்துவதைப் பார்த்து மிஷினின் குரலையும் தாழ்த்த வேண்டும் என்று உனக்குத் தோன்றியது. கூடவே உட்கார்ந்திருந்த எனக்கு ஏன் தோன்றவில்லை?

சனிக்கிழமை அண்ணன் வந்தார். உன் பெட்டியை மறுபடி முழு வேகத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன். உன்னுடையதையே நான் வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்தால் நான் சாகும்வரை அது அலமேலு பொட்டியாகத்தான் இருக்கும். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை. என் பெட்டியைத் தூக்கி உன் மூலையில் வைத்து, கையால் 200 போட்டேன்.

நேற்று மாராயி திரும்பி வந்தார். அறையை ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். விண்ணப்பத்துக்கு வேண்டியதைச் சொன்னார், எழுதினேன். ஒரு தரம்கூட என்னங்க என்று கேட்கவில்லை. எல்லாம் முடிந்தும் எழுந்திருக்காமல், சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, விண்ணப்பத்துக்கு வேண்டாத ஒன்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "இத அலமேலுகிட்டக்கூடச் சொன்னதில்லீங்க சாமி" என்றார்.

என்ன என்று கேட்காதே. உனக்குத் தெரியாத ஒன்று இந்தக் கடையில் எனக்குத் தெரியும், முதல் தடவையாக. அதை யாரிடமும் சொல்ல மாட்டேன் அலமேலு, சத்தியம். உன்னிடமும்.

கூடப் பிறக்காமலே பங்கு கேட்கும் உன் தங்கை,
ராஜி